பல் பிடித்து மலையேறும் இன்ஜின்

பெங்களூர் பிரேசர் டவுனில் ஊட்டி ரயிலில் போய் வந்ததாகச் சொல்லும் பலர் அதன் நீராவி இன்ஜினைப் பார்த்ததே இல்லை. நாம் போகும் வழி அப்படி. காரிலோ பஸ்ஸிலோ மைசூர், பந்திப்பூர், கூடலூர் என்று மேல்வழியாக ஊட்டி சேர்ந்து, பிள்ளைகள் கேட்கிறார்களே என்று அங்கிருந்து குன்னூர் வரை ஒரு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்துவிட்டு டாக்சியில் திரும்புகிறோம். அந்தப் பகுதியில் வண்டியை வழக்கமாக இழுப்பது டீசல் இன்ஜின். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை எடுத்த கேத்தி ஸ்டேஷன் அங்கேதான் வருகிறது. அந்த மட்டுக்கும் லாபம். ஆனால் விஷயமுள்ள இன்ஜின் குன்னூருக்குக் கீழே, மேட்டுப்பாளையம் பக்கம் ஓடுகிறது.

ரயில் நமக்குப் புதிதல்ல. கன்டோன்மென்டிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் பாதை 1864-இல் திறந்தது. பிளேக் வந்து போன பிறகு எழுந்த பிரேசர் டவுனைவிட அதற்கு வயது அதிகம். அந்தப் பாதையில் கரிப்புகை நின்று பல காலமாயிற்று. நாடு முழுக்க அகலப் பாதையில் நீராவியின் கதை 1990-களின் நடுவில் முடிந்தது. மீட்டர் கேஜ் பாதைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து அகலப்படுத்தினார்கள். நீலகிரிப் பாதை மட்டும் தப்பியது எப்படி? பழமையின் மீது யாருக்கோ இருந்த பாசம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே கிடக்கும் பல் தண்டவாளம்.

மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 46 கிலோமீட்டர் தள்ளி ஊட்டியில் நிற்கும்போது 2,200 மீட்டரைத் தொட்டிருக்கும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் பாதை போட்டார்கள். ஏற்றம் கடுமையான இடத்தில் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயர வேண்டும். இரும்பு மேல் இரும்பு வழுக்கும். வெறும் சக்கரத்தை நம்பி அந்த ஏற்றத்தில் வண்டி விட முடியாது. ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும். ஏணியில் ஏறுகிறவன் ஒரு கை பிடித்த பிறகே மறு கையை விடுவதுபோல, இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியும் ஏதோ ஒரு பல்லைக் கவ்வியபடியே இருக்கும். இந்தியாவில் இப்படிப்பட்ட பாதை இது ஒன்றுதான்.

இதற்கென்று சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்து வந்தவை 'எக்ஸ்' வகை இன்ஜின்கள். 1914 முதல் 1925 வரை 12, பிறகு 1952-இல் 5. ஒவ்வொன்றுக்கும் நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலே உள்ள இரண்டும் பல்சக்கரங்களுக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமதளம் என்பதால் கீழ் ஜோடிக்கு மட்டும்தான் வேலை. அதில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே போய்விடும். கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளம் தொடங்கியதும் டிரைவர் அந்த நீராவியை வெளியே விடாமல் மேல் ஜோடிக்குத் திருப்புகிறார். ஒரு முறை உழைத்த நீராவிக்கு மறுபடியும் உழைப்பு! முதல் சிலிண்டரில் விரிந்த நீராவிக்கு அழுத்தம் குறைந்து கன அளவு கூடியிருக்கும். அதை வாங்கிக்கொள்ள வழக்கமாகப் பெரிய சிலிண்டர் வைப்பார்கள். விண்டர்தூர்க்காரர்கள் அதே அளவு சிலிண்டரை வைத்து, கியர் போட்டு இரண்டு மடங்கு வேகத்தில் சுழலவிட்டார்கள். தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும் வண்டி கிளம்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கீழ்த் தண்டு நிதானமாகச் சுற்றும். மேல் தண்டு அதற்கு எதிர்த் திசையில் பதறிக்கொண்டு சுற்றும். முதல் முறை பார்ப்பவருக்கு ஏதோ பழுது என்றே தோன்றும்.

இன்ஜின் வண்டிக்கு முன்னால் இருக்காது. பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜின் மேல்தான் சாயும், தனியே உருண்டு ஓடாது. தள்ளுகிற டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது என்பதால், பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் மேடையில் நின்று கொடி காட்டுகிறார், கைப்பிரேக்கும் போடுகிறார். பல் தண்டவாளத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான், சைக்கிள்காரர் முந்திவிடுவார்.

2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தப் பாதை சேர்ந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்ததைத்தான் நான் சுவாரசியமான பகுதி என்பேன். பட்டயம் வந்துவிட்டது, இன்ஜின்களோ தள்ளாடிக்கொண்டிருந்தன. 1952-இல் வந்தவற்றுக்குக்கூட ஐம்பது வயது தாண்டிவிட்டது. சாம்பல் அதிகமுள்ள கரியில் நீராவி கட்டாது. நடுவழியில் அழுத்தம் இறங்கினால் வண்டி நின்று, பாயிலர் மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். போதாததற்குத் தீப்பொறி காட்டில் விழும் பயம் வேறு. திருச்சி பொன்மலைப் பணிமனை இதில் இறங்கியது. 2000-களின் தொடக்கத்தில் பழைய இன்ஜினைக் கரியிலிருந்து பர்னஸ் ஆயிலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். அடுத்த பத்தாண்டில் எண்ணெயில் எரியும் எக்ஸ் இன்ஜின்களைப் புதிதாகவே கட்டினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில், உலகம் மின்சார ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, திருச்சியில் புத்தம் புதிய நீராவி இன்ஜின்! சுவிட்சர்லாந்திலேயே 1992-இல் இதே தீர்வுக்குத்தான் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிரியன்ஸ் மலைப் பாதைக்கு எண்ணெயில் எரியும் புது நீராவி இன்ஜின் செய்தார்கள். ஆக, பொன்மலை செய்ததைக் கிறுக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

பர்னஸ் ஆயில் கெட்டியானது. சூடாக்கி இளக்கினால்தான் பீய்ச்ச முடியும், புகையும் தொல்லை. பிறகு டீசலுக்கு மாறினார்கள். டீசலை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அந்த நீராவியில் ஓடும் இன்ஜின் என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தச் சரிவுக்கு அளந்து செய்த பல்சக்கர இயந்திரம் கையில் இருக்கிறது, மாறியது அடுப்புதான். இதற்கு நடுவே 2021 ஆகஸ்டில் பொன்மலை இன்னொரு புது எக்ஸ் இன்ஜினை வெளியே விட்டது. அது கரியில் எரிவது! பாரம்பரியம் என்றால் கரிப்புகையும் சேர்ந்ததுதான் என்று ரசிகர்கள் கேட்டு வந்ததற்கு அது பதில். எனக்கென்னவோ அடுப்பில் எது எரிகிறது என்பதில் அவ்வளவு பிடிவாதம் தேவையில்லை. பாயிலரும் பல்சக்கரமும் நம்மூர் ஃபிட்டர்கள் கையால் புதிதாக வருகின்றன என்பதே பெரிய சங்கதி. வேலை தெரிந்த கை இல்லாவிட்டால் மியூசியத்துக்கு இன்னொரு காட்சிப்பொருள் கிடைக்கும், அவ்வளவுதான்.

மலை தன் பங்குக்குத் தொந்தரவு தருவது நிற்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் பாறையும் மண்ணும் பாதையில் விழுந்து வண்டி ரத்தாவது வருடா வருடம் வரும் செய்தி. 2009 நவம்பர் மழையில் பாதை பல இடங்களில் சிதைந்தது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் டிக்கெட் எடுத்தால் முந்தின நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பெங்களூரிலிருந்து போகிறவர்கள் மைசூர் ரோட்டை ஒரு முறை மறந்து, ராத்திரி ரயிலில் கோவை போய், காலை ஏழு மணிக்குள் மேட்டுப்பாளையம் சேர்ந்துவிட வேண்டும். 7.10-க்கு வண்டி எடுத்துவிடுவார்கள். இருக்கை குறைவு, முன்பதிவு தொடங்கிய கையோடு வாங்கினால்தான் உண்டு. இடம் கிடைத்தால் முதல் பெட்டியைக் கேளுங்கள். இன்ஜின் கடைசியில் இருப்பதால் எதிரே பிரேக்ஸ்மேனையும் அவர் கொடியையும் தவிர வேறு மறைப்பு இருக்காது. இன்ஜினின் சத்தம்தான் வேண்டும் என்பவர்கள் கடைசிப் பெட்டி.