நின்று வேலை செய்பவர்களே, காலணியைக் கவனியுங்கள்

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பகுதிகளில் நம் சகோதர சகோதரிகள் பலர் ஜவுளிக்கடைகளிலும் உணவகங்களிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறார்கள். இரவில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ருகூவில் குனிவதே சிரமமாகிறது. இதற்கு அணியும் காலணியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்தால் பாதம் சாய்கிறது. அதை ஈடுகட்ட முழங்காலும் இடுப்பும் கூடுதலாக உழைக்கின்றன. குதி உயர்ந்த செருப்பு உடலை முன்னே தள்ளி முதுகை வளைக்கிறது.

காலணியை மாலையில் வாங்குங்கள். அப்போது கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். விரல்களுக்கு முன்னே கொஞ்சம் இடம் வேண்டும். குதிகாலை நன்றாகப் பிடிக்க வேண்டும். அடிப்பகுதி மெத்தென்றும் வழுக்காமலும் இருக்க வேண்டும். தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

காலணி மட்டும் போதாது. இடையிடையே உட்காரவும் வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. கடை நடத்தும் நம்மவர்கள் இன்றே ஊழியர்களுக்கு ஸ்டூல் போடுங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.