வேன் நின்றால் வேலை நிற்கும்



உங்கள் காணிக்கையால் வாங்கிய வேன் எப்படி ஓடுகிறது என்று பலர் அன்போடு எழுதிக் கேட்கிறீர்கள். நன்றாக ஓடுகிறது. ஆனால் அது ஒரு நாள் ஓடாமல் நின்றதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கிராம முகாம் முடிந்து, காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். குமணன்சாவடி சந்திப்பில் நெரிசலில் ஊர்ந்தபோது வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. இருவரையும் ஆட்டோவில் அனுப்பிவைத்தோம். தேவகிருபையால் பிள்ளை சுகமானது. பிறகு பார்த்தால், ரேடியேட்டரின் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு! வேன் நிற்குமிடத்தில் பல நாட்களாகவே ஈரம் இருந்தது. ஏ.சி. தண்ணீர் என்று எண்ணி விட்டுவிட்டோம். ஏ.சி. தண்ணீருக்கு நிறமில்லை, கூலன்டுக்கு நிறமுண்டு. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பூந்தமல்லி வழியாகப் போகும் இதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர். அங்கே டாக்டர் ஐடா ஸ்கடர் மோட்டார் வண்டியில் சென்று சாலையோரத்தில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். வரமுடியாதவர்களைத் தேடிப் போகும் அந்த வேலைக்கு வண்டிதான் கால். ஆகவே இப்போது தினமும் காலையில் வண்டியை எடுக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குகிறோம். சபை வேன் வைத்திருப்போருக்கும் இது உதவும்.

1. ஆயில்: சமதரையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கவும். இரு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுப்பது இயல்பே. பால் கலந்த காபி நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது; ஓட்டவே கூடாது.

2. கூலன்ட்: அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கோ ஒழுகுகிறது. போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

3. பெல்ட்: விரிசலோ பிசிறோ இருந்தால் மாற்றிவிடவும். பல வேன்களில் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம்.

4. டயர்: வண்டி ஓடுமுன்பே காற்றைச் சோதிக்க வேண்டும், ஓடிய டயர் சூடேறி அதிகமாகக் காட்டும். ஸ்டெப்னியையும் மறக்கக்கூடாது.

5. பிரேக்: மிதித்த பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

வழியில் சூடேறினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கவும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். அழுத்தத்தில் கொதிக்கும் நீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். அப்படி வெந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் கட்டுப்போடுகிறார்கள். அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள்.

சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி வெந்நீரில் கழுவித் துடைத்து இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் யாரும் மறக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே பாழாகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டியிழுத்துக் கொண்டுபோவதே நல்லது.

அன்பானவர்களே, புது வேனுக்குக் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள். பெல்ட்டுக்கும் டயருக்கும் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அன்று எங்களைச் சாலையில் நிறுத்தியது சிறு தொகைக்குக் கிடைக்கும் ஒரு ரப்பர் குழாய்தான். இனி எங்கள் வேனுக்காக ஜெபிக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை உங்கள் சபை வேனின் அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.