நுரையீரலின் காவலர்கள்

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை சுவாசிக்கிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்செல்கிறது. நாளொன்றுக்கு இது சுமார் 10,000 லிட்டர். இக்காற்றுடன் தூசியும் புகையும் கிருமிகளும் சேர்ந்தே நுழைகின்றன. ஆயினும் நாம் அன்றாடம் நோயுறுவதில்லை. ஏன்?

முதற்காவல் மூக்கு. அதன் மயிர்களும் ஈரமும் பெருந்தூசியைத் தடுக்கின்றன. அதற்குத் தப்பியவை மூச்சுக்குழலின் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. குழலின் உட்சுவரிலுள்ள நுண்ணிழைகள் வினாடிக்குப் பத்து முறைக்குக் குறையாமல் அசைந்து, அச்சளியைத் தொண்டைக்கு ஏற்றி வெளியேற்றுகின்றன. புகைபிடிப்பவர்களுக்கு இவ்விழைகள் செயலிழந்து போகின்றன.

நுரையீரலின் ஆழத்தில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அங்கே நுண்ணிழைகள் இல்லை. மாறாக, விழுங்கணுக்கள் எனப்படும் காவலர்கள் உலவி, வந்த கிருமியை விழுங்கிச் செரித்துவிடுகின்றன.

ஆனால், விழுங்கப்பட்ட பின்னரும் மடியாத கிருமி ஒன்று உண்டு. அதுவே காசநோய்க் கிருமி. 1882 மார்ச் 24 அன்று ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் இதனைக் கண்டறிந்ததாக அறிவித்தார். காவலனின் வயிற்றையே இது தன் வீடாக்கிக்கொள்கிறது. சில வாரங்களில் வேறு வெள்ளணுக்கள் திரண்டு வந்து, கிருமியைச் சுற்றி அரண் எழுப்பிச் சிறைவைக்கின்றன. எனவே, கிருமி தொற்றியவர்களுள் 100க்கு 5 முதல் 10 பேரே வாழ்நாளில் நோயாளி ஆகின்றனர். நீரிழிவு, ஊட்டக்குறைவு, எய்ட்ஸ், புகைப்பழக்கம் ஆகியவை அவ்வரணைத் தகர்க்கின்றன.

இந்நோய் பரம்பரையாக வருவதன்று. தட்டு, குவளை வழியாகப் பரவுவதுமன்று. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளே அதைப் பரப்புகின்றன. இவ்வுண்மையை அறியாததால், திருமணம் தடைப்படுமோ என அஞ்சி மகளின் இருமலை மறைக்கும் பெற்றோர் உளர். மறைப்பதால் நோய் முற்றுகிறது. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றுகிறது.

நோயாளியை வீட்டிலிருந்து விலக்க வேண்டியதும் இல்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், நோயாளிகளுள் ஒரு பகுதியினர் வீட்டிலும் மறுபகுதியினர் காசநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. அதனால் குடும்பத்தினருக்கு அதிகத் தீங்கு நேரவில்லை என்பதும் தெரியவந்தது. உலகமே பின்பற்றிய முடிவு இது.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலும், மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் தோன்றினாலும், அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். இரண்டே மாதங்களில் இருமல் அடங்கியதென மருந்தை நிறுத்துவோரிடம், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கே அடங்காதவையாக மாறக்கூடும். ஆகவே, கடைசி மாத்திரை வரை நோயாளிக்குத் துணை நிற்பது குடும்பத்தாரின் கடமையாகும்.