லித்தியம் பிறந்த தீவுக்கு ஒரு படகு

ஸ்டாக்ஹோமில் படிக்கும் இந்திய மாணவர்களின் சனிக்கிழமைப் பயணம் சில நேரம் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போய் முடிகிறது

படகுத் துறையில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு தகடு. தகட்டைத் திருப்பி வைத்தால் வரும் படகு நின்று ஆட்களை ஏற்றிக்கொள்ளும். மறந்தால் தன் வழியே போய்விடும். இருட்டிவிட்டால் டார்ச் அடித்துக் காட்ட வேண்டும். டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திப் பழகிய இந்திய மாணவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஸ்வீடன் தலைநகருக்குக் கிழக்கே, பால்டிக் கடலில் தீவுகளும் பாறைத் திட்டுகளுமாகச் சுமார் 30,000 சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் மனித வாசனையே இல்லை. மக்கள் வசிக்கும் தீவுகளை நகரத்தோடு இணைப்பவை வட்டார நிர்வாகத்துக்குச் சொந்தமான வெள்ளைப் படகுகள். உல்லாசப் பயணிக்கு அது உல்லாசப் படகு. தீவுவாசிக்கோ பால், தபால், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அதுதான் பஸ். கல்விக் கடனில் படிக்க வந்த மாணவருக்கும் அது கட்டுப்படியாகிறது. 2011 வரை ஸ்வீடனில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பல்கலைக்கழகப் படிப்பு இலவசமாக இருந்தது. இன்று ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பல படிப்புகளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் குரோனருக்கு மேல் கட்டுகிறார்கள். வார இறுதிச் செலவை எண்ணிப் பார்க்காமல் முடியாது.

தங்கும் செலவை மிச்சப்படுத்துவது ஸ்வீடனின் பழைய வழக்கம் ஒன்று. வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாத தூரத்தில், யாருடைய நிலத்திலும் ஓர் இரவு கூடாரம் அடிக்கலாம். காட்டில் பெர்ரிப் பழமும் காளானும் பறிக்கலாம். 1994இல் இந்த உரிமை அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. ஆனால் பறவைகள் முட்டையிடும் திட்டுகளில் அந்தப் பருவத்தில் கால் வைக்கக் கூடாது. பாறை மேல் அடுப்பு மூட்டக் கூடாது. சூட்டில் கல் வெடித்துவிடும், வடு ஆறாது. புல்லில் இருக்கும் உண்ணி ஒரு வகை மூளைக் காய்ச்சலைத் தரும் என்பதால் உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்கிறார்கள். இது புகைப்படங்களில் வராத சங்கதி.

கடலில் குதிப்பவர்களுக்கு முதல் அதிர்ச்சி குளிர், இரண்டாவது ருசி. பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் இங்கே சுமார் 6 கிராம்தான்.

தெற்கே உள்ள ஊத்தோ தீவுக்கு ரயில், பஸ், படகு என்று மூன்று மாற வேண்டும். படகு நிற்கும் இடத்தின் பெயரே சுரங்கத் துறை. இடைக்காலத்திலிருந்து 1879 வரை இங்கே இரும்புத் தாது வெட்டினார்கள். நடுவில் 1719இல் ரஷ்யக் கடற்படை வந்து தீவைக் கொளுத்தியது. இப்போது சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது.

இந்தத் தாதுக் கற்களைத் தேடியவர்களில் ஒருவரும் வெளிநாட்டில் படிக்க வந்தவர்தான். பிரேசிலில் பிறந்த ஜோசே போனிஃபாசியோ, போர்ச்சுகல் அரசு உதவியுடன் 1790இல் ஐரோப்பியக் கல்விப் பயணம் புறப்பட்டார். ஊத்தோவில் கிடைத்த பெட்டலைட் என்ற கனிமத்தை 1800இல் உலகுக்கு அறிவித்தார். ஊர் திரும்பி, 1822இல் பிரேசில் விடுதலையின் சிற்பிகளில் ஒருவரானது தனிக் கதை. அந்தப் பெட்டலைட்டை 1817இல் ஸ்டாக்ஹோமில், பெர்சீலியஸின் ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தார் 25 வயது அர்ஃப்வெட்சன். கணக்கு உதைத்தது. காரணம், அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம். கல்லிலிருந்து வந்ததால் கிரேக்கச் சொல்லை வைத்து லித்தியம் என்று பெயரிட்டார்கள்.

இன்று குழியின் ஓரத்தில் நின்று படம் எடுக்கும் மாணவரின் செல்போன் உயிரோடு இருப்பது அதனால்தான். லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கிய மூவருக்கு 2019 நோபல் பரிசு வழங்கப்பட்டதும் ஸ்டாக்ஹோமில்தான். பேட்டரி தொடர்பான படிப்புக்கு இந்தியர்கள் இங்கே வந்ததில் ஒரு கணக்கு இருந்தது: படிப்பு முடிந்தால் நார்த்வோல்ட் போன்ற ஸ்வீடன் நிறுவனத்தில் வேலை, அதில் கடன் அடைப்பு. 2024 செப்டம்பரில் நார்த்வோல்ட் 1,600 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவாலானது. வேலை அனுமதியில் இருந்த வெளிநாட்டவருக்குப் புது வேலை தேடச் சட்டம் கொடுத்த அவகாசம் மூன்று மாதம். அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். பேட்டரி படிக்கும் மாணவர்களின் வார இறுதிப் பேச்சில் பாதி இப்போது இதுதான். மீதி, ஜெர்மனிக்குப் போகலாமா என்பது.

செப்டம்பர் தாண்டினால் படகுகள் குறையும், நான்கு மணிக்கே இருட்டும் நாட்களும் வரும். ஞாயிறு மாலை கடைசிப் படகு வருவதற்குள் யாராவது ஓடிப்போய்த் தகட்டைத் திருப்பி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் திங்கள் காலை வகுப்பு போச்சு.