தைராய்டு கட்டி: ஊசி போதுமா, கத்தி வேண்டுமா?

எவ்வளவு ஹார்மோன் சுரக்க வேண்டும் என்று தைராய்டுக்குக் கட்டளையிடுவது பிட்யூட்டரி சுரப்பி. டி.எஸ்.எச். என்ற ஹார்மோன்தான் அந்தக் கட்டளை. தைராய்டில் வளரும் சில கட்டிகள் அதற்குக் காத்திருப்பதில்லை; மரபணு மாற்றத்தால் தாமாகவே சுரந்து தள்ளும். படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது எல்லாம் இதன் விளைவுகள். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

டி.எஸ்.எச். குறைந்து, ஸ்கேனில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அது 'ஹாட் நோடியூல்'. கார்பிமசோல் மாத்திரை சுரப்பை அடக்கும். ஆனால் நிறுத்தினால் தொல்லை திரும்பிவிடும். நிரந்தரத் தீர்வு அறுவை சிகிச்சை, அல்லது 1941-ல் பாஸ்டனில் முதன்முதலாகத் தரப்பட்ட ரேடியோ அயோடின். அறுவையில் கழுத்தில் தழும்பு விழும். ரேடியோ அயோடின் எடுத்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு சுரப்பே குறைந்துபோகும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அதைக் கொடுக்கவே கூடாது.

ஊசி வழியே வெப்பம்

இவற்றுக்கு மாற்றாக வந்ததுதான் ரேடியோ அலைவரிசை சிகிச்சை, சுருக்கமாக ஆர்.எஃப்.ஏ. கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். ஊசி முனையின் வெப்பம் கட்டியைப் பகுதி பகுதியாகக் கருக்கும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சுற்றியுள்ள நல்ல திசு தப்பிவிடுவதால் ஹார்மோன் குறைபாடு வருவது அரிது. லேசர் சிகிச்சையும் இதே வழிதான்.

அளவுதான் முக்கியம்

சாதாரணக் கட்டி பாதியாகச் சுருங்கினாலே வெற்றி. கழுத்தை அழுத்தும் தொல்லை தீர்ந்துவிடும். தானாகச் சுரக்கும் கட்டியில் அந்தக் கணக்கு செல்லாது. ஓரத்தில் மிஞ்சும் திசுவும் சுரந்துகொண்டே இருக்கும். குரல் நரம்பை ஒட்டிய ஓரத்தைத் துணிந்து சுடவும் முடியாது. சுட்டால் குரல் கம்மிவிடலாம். ஆகவே சின்னக் கட்டிகளில்தான், குறிப்பாகக் கன அளவு 10 மில்லிலிட்டருக்குள் இருப்பவற்றில், நல்ல பலன் கிடைக்கிறது. ஐரோப்பிய தைராய்டு சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் சின்னக் கட்டி உள்ள இளவயதினருக்கே இதைப் பரிந்துரைக்கிறது; பெரிய கட்டிகளுக்கு முதல் தேர்வாக வைக்கவில்லை.

எனவே 'தழும்பு விழாது' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். கட்டியின் கன அளவு எவ்வளவு, புற்றுநோய் இல்லை என்று உறுதியாகிவிட்டதா, மருத்துவருக்கு இதில் எவ்வளவு அனுபவம் என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் டி.எஸ்.எச். பரிசோதனையை விடாமல் செய்யுங்கள். கட்டி சுருங்கியதைவிட, டி.எஸ்.எச். இயல்புக்குத் திரும்பியதுதான் குணமானதற்கு அடையாளம்.