பென்சிலில் எழுதிய பெயர்கள்

எரி ஏரியின் வடகரையில், போர்ட் டால்பட்டில், நிலம் கேட்டு வந்த குடியேறிகள் கர்னல் தாமஸ் டால்பட்டின் மரவீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டியிருந்தது. அயர்லாந்தில் பிறந்த டால்பட், மேல் கனடாவின் துணை ஆளுநர் சிம்கோவிடம் செயலாளராக இருந்தவர்; 1803இல் இங்கே குடியேறினார்.

வந்தவரை டால்பட்டுக்குப் பிடித்துவிட்டால், அவர் 50 ஏக்கர் ஒதுக்கி, வரைபடத்தில் வந்தவரின் பெயரைப் பென்சிலால் எழுதுவார். பத்திரம் உடனே கிடைக்காது. முதலில் காட்டை வெட்டித் திருத்த வேண்டும், விதைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும். நிலத்துக்கு முன்னுள்ள சாலையில் பாதி அகலத்தையும் சீராக்க வேண்டும். மறுபாதி எதிர்ப்பக்கத்தாரின் பொறுப்பு. மேல் கனடா காலனியின் நல்ல சாலைகளில் ஒன்றான டால்பட் சாலை இப்படித்தான் உருவானது. கடமை தவறியவரின் பெயரை டால்பட் அழித்துவிட்டு, அங்கே வேறொருவர் பெயரை எழுதுவார். குடும்பமே பாடுபட்ட நிலம் ஒரு தனிமனிதரின் விருப்பத்தில் தொங்கியது கொடுமைதான்.

இது ஆளில்லாக் காடும் அல்ல. ஒடாவா, சிப்பேவா, பொட்டவாட்டமி, வயண்டாட் மக்களின் நிலம்; 1790ஆம் ஆண்டு மெக்கீ ஒப்பந்தத்தில், 1,200 பவுண்டு மதிப்புள்ள பொருட்களுக்கு ஈடாக பிரிட்டிஷ் அரசு இதைப் பெற்றது.