கண்டுபிடிப்புக்குப் பின் வரும் படிப்பு

பொறியியல் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் தொழிற்சாலையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பணியாற்றிய ஒருவர், அடுத்து எம்.டெக். சேர்வதா எம்.பி.ஏ. சேர்வதா என்று எண்ணும் வேளையில், இவ்விரண்டுக்கும் நடுவே தொழில்நுட்ப மேலாண்மை என்றொரு முதுநிலைப் படிப்பு இருப்பது பெரும்பாலும் அவர் கவனத்துக்கு வருவதில்லை, வந்தாலும், எம்.பி.ஏ. பாடங்களோடு கணினிப் பாடங்கள் சிலவற்றைக் கலந்து தரும் படிப்பு என்றே அது கருதப்படுகிறது. இக்கருத்து தவறானது. நிதி, சந்தை, மனிதவளம் ஆகியவற்றை எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானவையாக வைத்துக் கற்பிப்பது எம்.பி.ஏ.; ஒரு துறையின் நுட்பங்களை மேலும் ஆழமாகக் கற்பிப்பது எம்.டெக். ஆய்வகத்தில் பிறந்த ஒரு தொழில்நுட்பத்தை எப்போது கையிலெடுப்பது, யாரோடு சேர்ந்து வளர்ப்பது, எந்தக் கட்டத்தில் கைவிடுவது என்னும் முடிவுகளையே பாடப்பொருளாகக் கொண்டது தொழில்நுட்ப மேலாண்மை.

இப்படிப்பு உருவானதற்கு ஒரு நெருக்கடி காரணமாயிற்று. 1970-களின் இறுதியில் கார், எஃகு, தொலைக்காட்சி ஆகிய தொழில்களில் ஜப்பானிய நிறுவனங்களிடம் சந்தையை இழந்துகொண்டிருந்த அமெரிக்காவில், ஆய்வுக்கூடங்களும் நோபல் பரிசுகளும் நிறைய இருந்தும் அவற்றின் பயன் தொழிலுக்கு வந்து சேரவில்லையே என்ற கவலை எழுந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் பொறியியல் பள்ளியும் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் இணைந்து 1981-இல் இதற்கெனத் தனி முதுநிலைப் படிப்பைத் தொடங்கின. 1987-இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அறிக்கை, ஒரு நிறுவனம் தன் இலக்குகளை அடைவதற்கான தொழில்நுட்பத் திறன்களைத் திட்டமிடவும் உருவாக்கவும் செயல்படுத்தவும் பொறியியல், அறிவியல், மேலாண்மை ஆகிய மூன்றையும் இணைக்கும் துறை என்று இதற்கு இலக்கணம் வகுத்தது.

அவ்விலக்கணத்தைவிட ஒரு வரலாற்று நிகழ்வு இத்துறையின் தேவையைத் தெளிவாகக் காட்டும். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனம், மின்னணுக் கருவிகளையும் தயாரித்துவந்தது. அதன் ஆய்வகத்தில் பணியாற்றிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி, 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. கிடைத்த அளவீடுகள் காந்த நாடாவில் பதிவு செய்யப்பட்டு, படமாகக் கணக்கிடுவதற்காக நகரின் வேறொரு பகுதியிலிருந்த கணினிக்குக் கையோடு எடுத்துச் செல்லப்பட்டன. மண்டையோட்டைத் திறக்காமலே மூளைக்கட்டியைக் காணும் வழி மருத்துவ உலகுக்கு அன்று கிடைத்தது. 1979-இல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசையும் ஹவுன்ஸ்ஃபீல்டு பகிர்ந்துகொண்டார். ஆனால் அதே 1979-இல், நட்டத்தில் தவித்த இ.எம்.ஐ. நிறுவனம் தார்ன் என்னும் மற்றொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே ஸ்கேன் தொழில், போட்டியாளரான ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் விற்கப்பட்டது.

கண்டுபிடித்தவர் கையில் கண்டுபிடிப்பு ஏன் தங்கவில்லை என்பதை 1986-இல் வெளியான தம் கட்டுரையில் டேவிட் டீஸ் என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்தார். சி.டி. ஸ்கேன் போன்ற கருவியை வாங்கும் மருத்துவமனைக்கு அதை இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், பழுதானால் உடனே வந்து சரிசெய்யும் பணியாளர்கள் வேண்டும், கதிரியக்க மருத்துவர்களோடு நீண்ட காலப் பழக்கமுள்ள விற்பனையாளர்கள் வேண்டும். இவற்றை டீஸ் துணைவளங்கள் என்று வகைப்படுத்துகிறார். எக்ஸ்ரே கருவிகளை நெடுங்காலமாக விற்றுவந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் இவை அனைத்தும் ஏற்கெனவே இருந்தன, இ.எம்.ஐ. அவற்றைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. எளிதில் பின்பற்றத்தக்க கண்டுபிடிப்பு, துணைவளம் பிறர் கையில் என்ற நிலையில் காப்புரிமை மட்டும் காவலாக இருக்க முடியாது. உரிமம் வழங்குவதா, கூட்டுச் சேர்வதா, தனித்து நிற்பதா என்ற முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்தாக வேண்டும். இக்கட்டுரையைப் படித்து, அன்றைய இ.எம்.ஐ. இயக்குநர் குழுவின் இடத்தில் தன்னை வைத்து முடிவெடுத்துப் பார்க்கும் மாணவர், மின்னணுவியல் தேர்வில் எதிர்கொள்ளாத வகைக் கேள்வியை எதிர்கொள்கிறார்.

இப்படிப்பில் பயிலும் கருவிகள் பல. அவற்றுள் தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை என்பது, அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவில் உருவாகி இன்று பல துறைகளிலும் வழங்கும் ஒன்பது படிகள் கொண்ட அளவுகோல். அடிப்படை அறிவியல் விதி கண்டறியப்பட்ட நிலை முதல் படி, உண்மையான பயன்பாட்டில் நிரூபணமான நிலை ஒன்பதாம் படி. ஆய்வக மேசையில் 25 பாகை வெப்பத்தில் குறையின்றி இயங்கிய ஒரு மின்கலம், வேலூரில் மே மாத நண்பகலில் வெயிலில் நிறுத்தப்பட்ட ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் நாள்தோறும் கிடந்து, இரவில் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் சார்ஜ் ஆகி, மேடு பள்ளங்களில் அதிர்ந்தும் உழைக்குமா என்பது இப்படிகளின் நடுப்பகுதியில் எழும் கேள்வி. பணமும் காலமும் மிகுதியாகச் செலவாவது இங்கேதான். ஆய்வகத்துக்கு நிதி தருவோரும் சந்தையில் முதலிடுவோரும் ஒருசேரத் தயங்குவதும் இங்கேதான்.

மனிதர்களைப் பற்றிய ஆய்வும் இத்துறையில் உண்டு, அதுவே இதன் சுவையான பகுதி எனலாம். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன், ஆய்வு நிறுவனங்களில் பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையேயுள்ள தொலைவையும் அவர்கள் தமக்குள் தொழில்நுட்பச் செய்திகளைப் பேசிக்கொள்ளும் வாய்ப்பையும் அளந்து, 1977-இல் நூலாக வெளியிட்டார். தொலைவு கூடக் கூட அவ்வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. சுமார் 50 மீட்டரைத் தாண்டிவிட்டால், அதன்பின் எவ்வளவு தொலைவு என்பதே பொருட்டாவதில்லை. மாடிப்படி, கழிப்பறை, காபி இயந்திரம் ஆகியவை எங்கே அமைகின்றன என்பதும் ஆய்வின் போக்கை மாற்றும் என்பதை, கட்டடம் கட்டிய பிறகு உணர்ந்த நிறுவனங்கள் உண்டு.

தமிழ்நாட்டிலும் இத்துறையினர் ஊன்றிப் படிக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு தொலைபேசி இணைப்பைத் தர ஏறத்தாழ 40,000 ரூபாய் செலவான 1990-களில், சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு, அச்செலவைப் பெருமளவு குறைக்கும் நோக்கோடு, வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்காமல் வானலை வழியே பேச்சையும் இணையத்தையும் ஒருங்கே தரும் கார்டெக்ட் என்னும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. சென்னையின் மைடாஸ் நிறுவனமும், சில்லுகளுக்காக அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனமும் இதில் இணைந்தன. நுட்பத்தில் குறையில்லை, ஆனால், உலகம் முழுவதற்கும் கோடிக்கணக்கில் உற்பத்தியான கைபேசிகளின் விலையும் அழைப்புக் கட்டணமும் 2000-களில் வேகமாகச் சரிந்தபோது, இடத்தோடு பிணைந்த இணைப்பின் தேவை சுருங்கியது. இதைத் தோல்வி என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது நியாயமன்று. கல்விக்கூடமும் தொழில் நிறுவனமும் ஒரே பொருளுக்காக உழைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. அதே ஜுன்ஜுன்வாலாவின் முயற்சியில் பின்னர் அமைந்த சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் அப்பழக்கம் இன்று பெரிய அளவில் தொடர்கிறது.

இத்துறையின் பெயரிலேயே பட்டம் வழங்கும் கல்விக்கூடங்கள் இந்தியாவில் குறைவு. கேட் (CAT) தேர்வு வழியே மாணவர்களைச் சேர்க்கும் ஐ.ஐ.டி.க்களின் மேலாண்மைத் துறைகளில் எம்.பி.ஏ.வின் விருப்பப் பாடங்களாக இதன் கூறுகள் கிடைக்கின்றன. அமெரிக்காவை நாடும் தமிழ் மாணவர்கள் பலர் இதன் உடன்பிறப்பான பொறியியல் மேலாண்மையைத் தேர்வதற்கு விசா விதியும் ஒரு காரணம்: அறிவியல், தொழில்நுட்பப் பட்டமாக வகைப்படுத்தப்பட்ட படிப்பை முடித்தவர், வழக்கமான 12 மாதப் பணிப் பயிற்சிக் காலத்தோடு மேலும் 24 மாதங்கள் அங்கே பணியாற்ற 2016-ஆம் ஆண்டின் விதி இடம் தருகிறது. கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டிய குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று. எனினும் இதை மட்டுமே எண்ணி, இளநிலைப் பட்டம் முடித்த கையோடு இப்படிப்பில் சேர்வது பொருத்தமாகத் தோன்றவில்லை. வடிவமைத்த பாகம் சோதனையில் உடைந்ததையும், வாடிக்கையாளர் கடைசி வாரத்தில் தேவையை மாற்றியதையும் கண்டிராத ஒருவருக்கு, இ.எம்.ஐ.யின் கதை பாடமாக இறங்காமல் தகவலாகவே நின்றுவிடும். மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரு பொருளை உருவாக்குவதில் கைபட உழைத்தவர் வகுப்பில் அமரும்போது, தன் நிறுவனம் எடுத்த முடிவுகளையே அங்கே மறுபடி விசாரிக்கிறார்.

படிப்பைத் தெரிவு செய்வோர் பாடப்பட்டியலைவிட ஆய்வேட்டு முறையைக் கூர்ந்து நோக்குவது நலம். எம்.ஐ.டி. 1988-இல் உற்பத்தித் துறைக்கெனத் தொடங்கி இன்றும் வேறு பெயரில் நடத்திவரும் இரட்டைப் பட்டப் படிப்பில், மாணவர் ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஒரு தொழில் நிறுவனத்தில் தங்கி, அங்குள்ள உண்மையான சிக்கல் ஒன்றையே ஆய்வேடாக எழுதுகிறார். அவ்வேட்டைப் பொறியியல் பேராசிரியர் ஒருவரும் மேலாண்மைப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து வழிநடத்துகின்றனர். கணக்கீட்டில் பிழை இருந்தால் முதலாமவரும், அக்கணக்கீட்டை ஆலையில் யார் ஏற்றுச் செயல்படுத்துவார் என்பதற்கு விடை இல்லாவிட்டால் இரண்டாமவரும் அதைத் திருப்பி அனுப்பலாம்.